இல்லாத வாகனம் கீறுவதும் மனம் ஓடாமல் இருந்து கீறுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலை உவர்மலைப் பக்கம் இருந்து படம் கீறிப் பிழைக்கிறவன். கடைப் பெயர்ப்பலகை, உப்புவெளி விடுதிகளில் சுவர்ச் சித்திரம், சிறுவர் கதைகளுக்குப் படம் என்று வேலை வரும். சனிக்கிழமை பின்னேரம் வீட்டு விறாந்தையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. எனக்கென்று நேரம் கிடைத்தால் உலகத்தில் இல்லாத வாகனங்களைக் கீறுவேன்: கடலில் இறங்கும் ஓட்டோ, மரம் ஏறும் பஸ், ஒரே ஆள் போகும் சின்ன ஆகாயக் கப்பல்.

பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிமார், தங்கச்சிமார் எல்லாரும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, என் பதிலைக் கீழே தருகிறேன்.

அண்ணா, எனக்கு வடிவாக் கீறவே வராது. வாகனத்தில தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். ஒரு முகத்தில் கண் சற்று விலகினால் ஏதோ பிழை என்று தெரியும், ஆனால் என்ன பிழை என்று தொடக்கத்தில் பிடிபடாது. வாகனம் அப்படியில்லை. பெட்டி எங்கே கோணலாகியது, சில்லு எங்கே நிலத்தை விட்டுத் தூக்கியது என்று விரல் வைத்துக் காட்டலாம். பிழையைத் தானே கண்டுபிடிக்க முடிந்த பிள்ளை அடுத்த நாளும் கீற வரும்.

முதல் வாகனமாக லான்ட்மாஸ்டரை, அதாவது இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரத்தைச் சொல்வேன். தம்பலகாமம் பக்கம் அறுவடைக் காலத்தில் போனால் வரிசையாக நிற்கும். அதில் மூடி மறைத்தது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னால் எஞ்சின், பக்கத்தில் பெல்ட், நடுவில் இரண்டு பெரிய சில்லு, பின்னால் நீண்ட கைபிடி, அதோடு கொளுவிய பெட்டி. எது எதோடு பொருந்துகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து போகலாம். புதுக் காரில் எல்லாம் தகட்டுக்குள் ஒளிந்திருப்பதால் தொடக்கக்காரருக்கு அது கஷ்டம்.

என்னென்ன சாமான் வாங்க வேணும்? ஐபாட் இல்லாமச் சரிவருமா?

சரிவரும். ஒரு எச்பி பென்சில், ஒரு 2பி பென்சில், அழிறப்பர், சாதாரண ஏ4 தாள், ஒரு கறுப்புப் பேனை போதும். மாரி மழை தொடங்கினால் எங்கள் ஊர்க் காற்றில் தாள் ஈரம் பிடித்து நெளியும். அதனால் தாள்களைப் பொலித்தீன் உறையில் போட்டு, நிலத்தில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். வர்ணம் பூசப் போகிறீர்கள் என்றால் மட்டும் சதுர மீற்றருக்கு 300 கிராம் வரும் தடிப்புத் தாள் வாங்குங்கள்.

கற்பனை வாகனம் எண்டா மனசில இருந்துதானே வரவேணும்? பிறகேன் ரோட்டில நிக்கிற ஓட்டோவப் பார்த்துக் கீறச் சொல்றீங்க?

வகுப்பில் ஒருநாள் பிள்ளைகளிடம், பார்க்காமல் ஒரு சைக்கிள் கீறுங்கள் என்றேன். எல்லாரும் சைக்கிளில்தான் வகுப்புக்கு வந்தவர்கள். பலர் சங்கிலியை முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு சைக்கிள் இருந்தால் முன்சில்லைத் திருப்பவே முடியாது. ஒரு பிள்ளையின் படத்தில் மிதி பின்சில்லின் நடுவில் இருந்தது. பிறகு எல்லாரும் வெளியே போய்த் தங்கள் தங்கள் சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருந்து கீறினார்கள். அந்தப் பின்னேரம் விறாந்தையில் சத்தமே இல்லை.

தினமும் ஏறி ஓடுகிற பொருளே இந்த அளவுக்குத்தான் மனதில் பதிந்திருக்கிறது. கற்பனை, மனதில் சேர்த்து வைத்ததை எடுத்துத்தான் புதிதாகப் பொருத்தும். சேர்த்து வைத்தது குறைவாக இருந்தால், வருகிற படம் ஏற்கெனவே ரீவியில் பார்த்த வாகனமாகவே இருக்கும்.

ஓட்டோவையே எடுங்கள். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுத்தூரம் ஏறக்குறைய 2 மீற்றர். சில்லு சின்னது என்பதால் இரண்டுக்கும் இடையிலான வெளியில் அதே சில்லுகள் கிட்டத்தட்ட நான்கு கொள்ளும். சாதாரணக் காரில் மூன்று கொள்ளும். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால், நீங்கள் கீறும் புது வண்டி ஓட்டோவின் தம்பியா, காரின் தங்கச்சியா என்று நீங்களே தீர்மானிக்கலாம். ஓட்டோவில் எஞ்சின் பின்னால் இருக்கிறது, திருப்புவது முன்னால் இருக்கும் ஒற்றைச் சில்லு. ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது மெல்லிய தகடு மட்டும். இதையெல்லாம் கவனித்த பிறகு மனதில் இருந்து கீறுங்கள், அப்போது வரும்.

சில்லு ஏன் எனக்கு எப்பவும் முட்டை மாதிரி வருது?

சில்லைச் சரி பக்கத்தில் நின்று பார்த்தால் வட்டம். கொஞ்சம் விலகி நின்று பார்த்தால் நீள்வட்டம். அந்த நீள்வட்டத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று தெரியாததால்தான் முட்டையாகிறது. வழி இதுதான்: முதலில் அச்சாணிக் கோட்டைக் கீறுங்கள். இந்தப் பக்கச் சில்லின் நடுவில் இருந்து அந்தப் பக்கச் சில்லின் நடுவுக்குப் போகிற கோடு அது. நீள்வட்டத்தின் குறுகிய பக்கம் அந்தக் கோட்டின் மேல் படுக்க வேண்டும், நீண்ட பக்கம் அதற்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வண்டியைச் சரிவாகக் கீறிவிட்டு, நீள்வட்டத்தை மட்டும் தூண் போல நேராக நிறுத்துகிறார்கள். அப்போது சில்லு வண்டியில் இருந்து கழன்று விழப் போவது போல இருக்கும்.

பழகுவதற்குச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைச் சொல்வேன். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் கட்டியவை, காடு மூடினாலும் இன்னும் நிற்கின்றன. 99 தாங்கி என்று சொல்வார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது ஒரு விமானம் தாங்கி ஒன்றின் மேலேயே விழுந்தது. நேரே போக முடியாவிட்டால் புகைப்படத்தைப் பார்த்தாலும் போதும். தாங்கி என்பது நிமிர்த்தி வைத்த ஒரு பெரிய உருளை. உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்கும் விளிம்பு மேல்நோக்கி வளையும், கீழே இருக்கும் விளிம்பு கீழ்நோக்கி வளையும், கண்மட்டத்தில் இருக்கும் தகட்டு இணைப்பு மட்டும் நேர்கோடாகத் தெரியும். ஒரு தாங்கியை ஐந்து உயரத்தில் இருந்து பார்ப்பதாக நினைத்து ஐந்து தரம் கீறிய பிள்ளைக்குச் சில்லு முட்டையாவதில்லை.

பெர்ஸ்பெக்டிவ் கட்டாயம் படிக்க வேணுமா? கணக்கு மாதிரிப் பயமா இருக்கு.

தூரத்தில் இருப்பதைத் தாளில் தூரமாகவே காட்டுகிற இந்த முறை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிக இலகு. டச்பே கடற்கரையில் நின்று கடலும் வானமும் தொடுகிற கோட்டைப் பாருங்கள். அதுதான் உங்கள் கண்மட்டம். இனிக் குந்தியிருங்கள். கோடும் உங்களோடு இறங்கும், கரையில் ஏற்றிய வள்ளங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே எழும்பி நிற்கும். அப்புறம் கோணேசர் கோயில் மலைக்கு ஏறிப் பாருங்கள். கோடு உங்களோடு மேலே வந்திருக்கும். கீழே போகிற வள்ளங்கள் எல்லாம் கோட்டுக்குக் கீழே, அவற்றின் உட்பக்கம் முழுதும் தெரியும்.

இதைக் கண்ணால் கண்டபிறகு, ஒரே திசையில் போகும் கோடுகள் அந்தக் கடல்கோட்டில் ஒரு மறைபுள்ளியில் போய்ச் சேரும் என்பது பயமாக இருக்காது. ஒரு பெட்டியைப் பத்துத் திசையில் திருப்பிக் கீறத் தெரிந்தால் வாகனத்துக்கு அது போதும். மீதியைத் தேவை வரும்போது பார்க்கலாம்.

சரி, புது வாகனம் ஒண்டை எங்கயிருந்து தொடங்கிறது? வெள்ளைத் தாளைப் பார்த்தா ஒண்டும் வருதில்ல.

வடிவத்தில் தொடங்காதீர்கள். யார் ஓட்டுகிறார், எதன் மேல் ஓடுகிறது, எதைச் சுமக்கிறது என்று மூன்றையும் எழுதுங்கள். எழுத்தில்தான், படத்தில் இல்லை. நான் கீறிய ஒன்றையே சொல்கிறேன்.

கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது, 396 மீற்றர் நீளம். அதற்கு முன்பு பாதை என்று சொல்கிற மிதவைப் படகில் ஏறித்தான் நீரைக் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் கிண்ணியாவில் இருந்து நகரத்துக்கு மீன் கொண்டுவரும் ஒருவருக்கு ஒரு வண்டி என்று நினைத்துக் கொண்டேன். ஓட்டுகிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆள், தனி ஆள். ஓடுவது தார் றோட்டில், பிறகு கண்டல் மரங்களுக்கு நடுவே ஆழமில்லாத தண்ணீரில், பிறகு மறுபடி றோட்டில். சுமப்பது ஐஸ் போட்ட மீன் பெட்டிகள்.

இவ்வளவும் எழுதியதும் வண்டி தானாக வரத் தொடங்கியது. உடம்பு பைபர் போட் போல, ஆனால் அடி தட்டை. முன்னால் ஓட்டோவின் ஒற்றைச் சில்லும் கைபிடியும். பின்சில்லு இரண்டும் ஒரு நெம்புகோலை இழுத்தால் மேலே மடியும். பின்னால் போட் எஞ்சின், ஆழம் குறைந்தால் தூக்கி வைக்கலாம். அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. றோட்டில் அவர் முன்னால் இருந்து கைபிடி பிடிக்க வேண்டும், தண்ணீரில் பின்னால் இருந்து எஞ்சின் பிடிக்க வேண்டும். அப்படியென்றால் இரண்டு இருக்கை. நடுவில் மீன் பெட்டிகள். அவர் எப்படி முன்னால் இருந்து பின்னால் போவார்? பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் அடி வைக்கிற அளவுக்குப் பலகை போட்டேன். பிடித்து நடக்க மேலே ஒரு குழாய் போட்டேன். குழாய் வந்தபிறகு தராசை அதிலேயே தொங்கவிட்டேன். அந்த வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அந்தக் குழாயையும் தராசையும் பற்றித்தான். யோசித்து அழகுக்காக வைத்திருந்தால் அது எனக்கு வந்திருக்காது.

அது உண்மையா ஓடவேணுமா? நான் இஞ்சினியர் இல்லையே.

ஓட வேண்டியதில்லை. ஓடும் என்று பார்ப்பவர் நம்பினால் போதும். லியனார்டோ டா வின்சி 1480களில் கீறிய கவச வண்டி ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கீறியபடியே பற்சில்லுகளைப் பொருத்தினால் முன்சில்லும் பின்சில்லும் எதிர் எதிர்த் திசையில் சுற்றும், வண்டி அசையாது. ஆனாலும் இன்றுவரை அதைப் பார்த்து ஆட்கள் வியக்கிறார்கள், ஏனென்றால் உள்ளே ஆட்கள் நின்று சுற்றுகிற கைபிடிகளைக் கூட அவர் யோசித்திருக்கிறார்.

எங்கள் தமிழிலேயே இதைவிட நல்ல உதாரணம் உண்டு. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்ற அரசன் தன் மனைவி விசயைக்காக ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு கொண்டு ஏழு நாளில் செய்தது என்று திருத்தக்கதேவர் பொருட்களைப் பட்டியல் போடுகிறார். பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துப் பறக்கும், இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்து நிற்கும். இறங்கும்போது கால் என்ன செய்யும் என்பதைக் கூடச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். அந்தப் பாட்டைப் படித்த நாளில் இருந்து, பறக்கிற எதைக் கீறினாலும் அது எப்படி இறங்கும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே உங்கள் வண்டிக்கும் மூன்றைக் காட்டுங்கள்: எதனால் நகர்கிறது, எதனால் திரும்புகிறது, எதனால் நிற்கிறது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டால், என்ன குறை என்று சொல்லத் தெரியாத ஆளுக்குக் கூட ஏதோ குறைவது தெரியும்.

புஷ்பக விமானம் கீறச் சொல்லிக் கேட்டிருக்காங்க. நவீனமா ஜெட் மாதிரிக் கீறலாமா?

இராவணன் வெட்டு என்கிற மலைப்பிளவு இருக்கிற ஊர் என்பதால் இந்த வேலை எங்களுக்கு அடிக்கடி வரும். என் கருத்து: ஜெட் எஞ்சினை ஒட்டாதீர்கள். புஷ்பகம் குபேரனிடம் இருந்து இராவணனுக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஓராளுக்கு இடம் இருக்கும் என்று சொல்லப்படுவது. ஜெட் விமானம் இத்தனை இருக்கை என்று எண்ணிச் செய்தது. இரண்டும் ஒட்டாது.

பத்திரகாளி அம்மன் கோயில் தேரின் பக்கத்தில் போய் நில்லுங்கள், திருவிழா நாளில் இல்லை, அது கொட்டகையில் நிற்கிற நாளில். சில்லின் தடிப்பு, அச்சு, அதன் மேல் அடுக்கடுக்காக விரிந்து போகிற மரவேலை, எந்த அடுக்கு எந்த அடுக்கைத் தாங்குகிறது என்று கீழே இருந்து மேலே கீறுங்கள். தேருக்குச் சுக்கான் கிடையாது. சில்லுக்கு அடியில் கட்டை வைத்துத்தான் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். அந்தப் பாரத்தைப் புரிந்துகொண்டவர், அதே பாரம் நிலத்தை விட்டு எழும்பினால் எப்படி இருக்கும் என்று கீறலாம். புஷ்பகம் அப்போது வரும்.

துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் பார்த்துக் கீறலாமா? ஏதும் பிரச்சினை வருமா?

கடற்படைப் பகுதிகளில் படம் எடுக்கவோ கீறவோ வேண்டாம். மீனவர் இருக்கிற இடங்களுக்குப் போங்கள், கொட்பே பக்கம், அல்லது கரையில் வள்ளம் திருத்துகிற இடம். முதலில் ஐயாமாரிடம் கேளுங்கள். கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. கீறி முடித்ததும் காட்டுங்கள், எங்கே பிழை என்று அவர்களே சொல்வார்கள். போட் எஞ்சினின் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் போட் வலப்பக்கம் திரும்பும் என்பதை ஒரு மீனவ ஐயா என் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினார். என் படத்தில் அது மாறி இருந்தது.

கீற இருந்தாப் பத்து நிமிசத்தில கை ஃபோனுக்குப் போகுது. எனக்கு மனவுறுதி இல்லையோ?

மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். ஃபோனுக்குக் கை போவது, அடுத்து என்ன கீறுவது என்று தெரியாத இடத்தில்தான். கவனித்துப் பாருங்கள். சில்லை நீள்வட்டம் போடும் நடுவில் யாரும் ஃபோன் எடுப்பதில்லை. சில்லு முடிந்து, இனிக் கூரையா, கதவா என்று தெரியாமல் நிற்கும்போது எடுக்கிறோம்.

அதனால் நான் செய்வது: எழும்பும் முன்பு அடுத்த முறைக்கான கேள்வியைத் தாளின் மூலையில் எழுதிவிட்டு எழும்புவேன். ‘கூரையை எது தாங்குகிறது?’, ‘மழை பெய்தால் மீன்காரர் எங்கே ஒதுங்குவார்?’ இப்படி. மறுநாள் வந்து இருக்கும்போது வெள்ளைத் தாள் இருக்காது, விடை தேட வேண்டிய ஒரு கேள்வி இருக்கும். ‘இன்றைக்கு ஒரு பஸ் கீற வேண்டும்’ என்று இருந்தால் மனம் ஓடும். ‘இந்த பஸ்ஸின் கதவு எந்தப் பக்கம் திறக்கும்’ என்று இருந்தால் மனம் அங்கேயே நிற்கும். வாகனம் தொடங்குவதற்கு மேலே சொன்ன மூன்று கேள்விகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஃபோனையும் வேறு அறையில் வைத்துவிடுங்கள். நேரம் பார்க்க ஒரு மலிவு மணிக்கூடு வாங்கி மேசையில் வையுங்கள், மணி பார்க்கப் போய் ஒரு மணித்தியாலம் போவது நிற்கும். உதாரணப் படங்கள் ஃபோனில்தான் இருக்கின்றன என்றால், தேவையான இரண்டு மூன்றை முதல்நாளே அச்சடித்து வையுங்கள்.

நேரமே இல்ல அண்ணா. வேலை, வீடு, பிள்ளையள். எப்ப கீறுறது?

கச்சான் என்கிற சூடான தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் ஊரில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு யோசிக்கிற வேலை செய்வது கஷ்டம். வியர்வையில் தாள் கையோடு ஒட்டும். நான் விடிய நாலரைக்கு எழும்பி ஆறு மணிவரை கீறுவேன். உங்களுக்கு இரவு ஒத்துவந்தால் இரவு. எந்த நேரம் என்பதைவிட, தினமும் அதே நேரம் என்பது உதவுகிறது.

2022இல் கரண்ட் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும், மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். கணினியில் செய்கிற வேலை எல்லாம் நின்றது. அப்போது மெழுகுதிரி வெளிச்சத்தில் வண்டிகளின் வெளிக்கோடு மட்டும் கீறினேன், உள்ளே ஒன்றும் இல்லாமல், நிழல் போல. ஒரு வண்டிக்கு இருபது நிமிடம். அந்த மாதங்களில் நிறைத்த கொப்பிகளில் இருந்துதான் இன்றைக்கும் புது வேலைக்கு வடிவம் எடுக்கிறேன். வெளிக்கோட்டிலேயே வண்டி என்ன வேலைக்கானது என்று தெரிந்தால் அந்த வடிவம் நல்லது. நேரம் குறைந்தவர்களுக்கு இந்தப் பயிற்சியைத்தான் தருகிறேன்.

வீட்டில "சும்மாதானே இருக்கிற, கடைக்குப் போயிட்டு வா" எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாங்க.

அம்மாவுக்கு நீங்கள் கீறுவதும் தெரியாது, யோசிப்பதும் தெரியாது, மேசையில் இருப்பது மட்டும்தான் தெரியும். கோபிக்காமல் முடியும் நேரத்தைச் சொல்லுங்கள். "அம்மா, ஏழு மணிக்கு எழும்புவன், எழும்பினதும் போறன்." சொன்னபடி ஏழுக்கு எழும்பிப் போங்கள். நான்கைந்து நாள் வாக்குத் தவறாமல் இருந்தால் அவரே மற்றவர்களிடம் "அவன் ஏழுக்கு வருவான், பொறு" என்று சொல்லத் தொடங்குவார். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

காசு வேலையும் செய்து என்ட சொந்தக் கீறலும் எப்பிடிச் செய்யிறது? ரெண்டும் குழம்புது.

எனக்கும் குழம்பியது, நட்டமும் வந்தது. ஒரு கடைக்கு எட்டடிப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த நாளில், மனம் முழுக்க வீட்டு மேசையில் இருந்த ஓர் ஆகாயக் கப்பலில். பெயரில் ஒரு ‘ற’ வரவேண்டிய இடத்தில் ‘ர’ எழுதி, அதற்கு நிழலும் பூசிவிட்டேன். உரிமையாளர் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பலகை முழுவதையும் மறுபடி வெள்ளையடித்து இரண்டு நாள் கூலியில்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

அன்றில் இருந்து இரண்டுக்கும் இடத்தைப் பிரித்தேன். விடியற்காலை மேசை என் வண்டிகளுக்கு, எட்டு மணிக்குப் பிறகு வெளி விறாந்தை காசு வேலைக்கு. விறாந்தையில் இருக்கும்போது ஆகாயக் கப்பலுக்கு ஏதாவது யோசனை வந்தால் சட்டைப்பையில் இருக்கும் சின்னக் கொப்பியில் ஒரு வரி எழுதி மூடிவிடுவேன். எழுதி வைத்தால் மனம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. காசு வேலையில் பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்குங்கள், எத்தனை தரம் திருத்துவீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். மனம் ஓடுவதில் பாதி, வராத காசை நினைத்துத்தான்.

பாதியில விட்ட படம் ஒரு கட்டுக் கிடக்குது. எல்லாத்தையும் முடிக்க வேணுமா?

வேண்டாம். கட்டை எடுத்து ஒவ்வொன்றாக, இதை யார் ஓட்டுகிறார் என்று கேளுங்கள். விடை இருக்கிற படத்தை முடியுங்கள். விடை இல்லாததில் நல்லாய் வந்த பகுதியை மட்டும் வெட்டி ஒரு கொப்பியில் ஒட்டுங்கள், மீதியை விடுங்கள். என் மீன் வண்டியின் மடிகிற சில்லு அப்படி ஒட்டி வைத்த துண்டில் இருந்து வந்தது.

ஏஐ நொடியில கீறித் தருதே. இனி இதைப் படிச்சு என்ன பிரயோசனம்?

இதைக் கேட்கிற பிள்ளைகளின் முகத்தில் உண்மையான கவலை தெரிகிறது, அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சில வேலை குறைந்திருக்கிறது. வாழ்த்து அட்டை, சின்ன விளம்பரம் போன்றவை முன்பு போல வருவதில்லை. அதே நேரம், ஏஐ படத்தைக் கையில் கொண்டுவந்து "இதைச் சுவரில் கீறித் தாங்க" என்கிறவர்களும் வருகிறார்கள். அந்தப் படங்களை மேலே சொன்ன மூன்றையும் வைத்துப் பார்க்கிறேன், எதனால் நகர்கிறது, திரும்புகிறது, நிற்கிறது. கைபிடி எதோடும் சேராமல் முடிந்திருக்கும், கதவு திறந்தால் சில்லில் இடிக்கும். வாடிக்கையாளரிடம் அதைக் காட்டி, உங்களுக்கு எப்படியான வண்டி வேண்டும் என்று கதைக்கத் தொடங்கினால், பெரும்பாலும் அவர் தன் அப்பா ஓடிய பழைய லொறியைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். பிறகு அதைத்தான் கீறுவோம்.

ஓட்டோவைப் பார்த்துக் கீறினாக் கொம்பனிக்காரன் கேஸ் போடுவானா? என்ட படத்தை வேற ஆள் எடுத்தா நான் என்ன செய்யலாம்?

பயிற்சிக்குப் பார்த்துக் கீறுவதில் பயம் வேண்டாம். விற்பதற்கு அல்லது அச்சுக்குப் போகிற படத்தில் கொம்பனிப் பெயரையும் சின்னத்தையும் போடாதீர்கள். மற்ற ஓவியரின் படத்தைக் கோட்டுக்குக் கோடு எடுத்து உங்கள் பெயரில் விற்பது கூடவே கூடாது.

உங்கள் படத்துக்கும் பாதுகாப்பு உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கீறிய நேரத்தில் இருந்தே உரிமை உங்களுடையது, பதிய வேண்டியதில்லை. உங்கள் காலம் முழுதும், அதற்குப் பிறகு 70 வருடமும் இருக்கும். எப்போது கீறினீர்கள் என்று காட்ட முதல் கீறல்களை எறியாமல் திகதி போட்டு வையுங்கள்.

மகன் முழுநாளும் வாகனம்தான் கீறுறான். ஓ/எல் சோதினை வருது. நிப்பாட்டட்டோ?

நிப்பாட்ட வேண்டாம் அக்கா, நேரத்தைக் கட்டுங்கள். நேரம் பற்றி மேலே சொன்னது பிள்ளைக்கும் பொருந்தும்: ஒரு குறித்த மணித்தியாலம், அதற்குள் ஒரு குறித்த கேள்வி. படிப்பு மேசையில் கொப்பி ஓரத்தில் ஒளித்துக் கீறுவதைவிட இது அவனுக்கும் நல்லது. சித்திரம் ஓ/எல் பாடமாகவே இருக்கிறது. பிறகு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது, மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் முன்பு இராமநாதன் நுண்கலைக்கழகம் என்று இருந்தது இப்போது பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாக இருக்கிறது. மொறட்டுவைக்குப் போக நல்ல பெறுபேறு வேண்டும் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள். அவன் கணக்குப் படிப்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கீறி முடிஞ்சுது எண்டு எப்பிடித் தெரியும்?

எங்கள் வகுப்பில் ஆகச் சின்னப் பிள்ளை கேட்ட கேள்வி. ஓட்டுகிறவரின் ஒரு நாளை, விடியற்காலை அவர் வண்டியில் ஏறுவதில் இருந்து இரவு இறங்குவது வரை, படத்தில் விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு போவேன். விரல் எங்காவது தடக்கினால் முடியவில்லை. மீன் வண்டியை முடித்துவிட்டேன் என்று நினைத்து அந்தப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக் காட்டினேன். தண்ணீருக்குள் இறங்குகிற இடம் வந்ததும், "மாமா, அவர் செருப்பை எங்க கழட்டி வைப்பார்?" என்று கேட்டாள். பலகைக்குக் கீழே இரண்டு கொளுக்கி கீறினேன்.